ஈ ஓட்டிய உத்தியோகம்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்" என்பார்கள். எனக்கு அது கேலியாகவே படுவதில்லை. ஒன்பது வருஷம் நான் ஈ ஓட்டித்தான் சோறு தின்றேன். நாய்களின் மேல் வந்து உட்காரும் ஈயை ஓட்டுவதுதான் என் உத்தியோகம்.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து செமோர் போகும் சாலையில், சுண்ணாம்பு மலை ஒன்றின் அடியில் ஒரு நாய் விடுதி இருந்தது. வெளியூர் போகிறவர்கள், வீடு மாற்றுகிறவர்கள், புதுக் குழந்தை பிறந்தவர்கள் தங்கள் நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் பதினாலு கூண்டு. முதலாளி ஒரு சீனர். எல்லோரையும் போல நானும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்கு மணியம் என்கிற நானும் பாக் மாட் என்ற மலாய்க்காரரும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. இதற்கு மேல் ஈயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். அதற்கு முன்னால் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொரை பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தங்கை கல்யாணமாகிக் கிள்ளானில் இருந்தாள். எனக்குத் தெரிந்தது நாய் ஒன்றுதான். அதனால் நாய்களிடமே வந்தேன். விடுதியின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்தார்கள்.

அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, அது சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் அம்மாக்காரி வந்து தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களே, அடுத்தவர் காரைத் துடைத்தே கை தேய்ந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. இது உங்களுக்காகத்தான்.

இருபத்தெட்டுக் காது

ஈ நாயை எங்கே கடிக்கும் தெரியுமா? காது நுனியில். அங்கேதான் முடி குறைவு, தோலும் மெல்லிசு. முதலில் கடி ஈ வந்து ரத்தம் எடுக்கும். அந்த ரத்தத்துக்கு வீட்டு ஈ வரும். அது காய்ந்து பொருக்குத் தட்டுவதற்குள் பச்சை ஈ வந்து முட்டை போட்டுவிடும். அப்புறம் புழுதான். தொங்கு காது நாய் தலையை ஆட்டிச் சமாளித்துக்கொள்ளும். நிமிர்ந்த காது வைத்துக்கொண்டு பிறந்த அல்சேஷன்தான் பாவம்.

மருந்து என் சொந்தத் தயாரிப்பு. வேப்பெண்ணெயில் சூடத்தை நுணுக்கிப் போட்டு, செராய் என்கிற வாசனைப் புல்லை இடித்துக் காய்ச்சி அதில் கலக்க வேண்டும். பதினாலு நாய்க்கு இருபத்தெட்டுக் காது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. துணியால் தடவலாம் என்றால் நாய் துணியைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்துவிடும். விரலால்தான் தடவ வேண்டும். அந்த வாடை நகத்துக்குள் போய்க் குடியேறிவிடும். எலுமிச்சம்பழம், சவர்க்காரம், மணல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து ஈப்போ போவேன். டவுனில் எனக்கு யாரையும் தெரியாது. நாலு மனுஷர் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் போவது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்காருவேன். பஸ் நிரம்பி வழியும். கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள், படியில் நிற்பார்கள், என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வரும். ஒருமுறை நடத்துனர், அவரும் தமிழர்தான், மூக்கைச் சுளித்துக்கொண்டே ஆனால் பாசமாகச் சொன்னார்: "நீங்க தெனமும் வாங்கலா அண்ணே, கால் வலிச்சா நான் வந்து ஒக்காரவாவது ஒரு எடம் இருக்கும்."

பாக் மாட்டின் கம்பு

பாக் மாட் வேன் ஓட்டுவார், வாசலில் காவல் பார்ப்பார். நாயைத் தொட மாட்டார். அது அவருடைய மார்க்கம். ஆனால் நாய்களுக்கு என்னைவிட அவரைத்தான் பிடிக்கும். பத்தடி மூங்கில் கம்பு ஒன்றின் நுனியில் பழைய கைலிச் சாரத்தைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார். மதியத்தில் கூண்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உடம்பு சரியில்லாத நாய்க்கு அந்தக் கம்பால் விசிறுவார். ஒரு துணி நூல்கூட நாயின் மேல் படாது. ஓர் ஈயும் உட்காராது. விசிறும்போது நாயிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். மருந்துக்கு வேண்டிய செராய் அவர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் வரும், வாராவாரம் பேப்பரில் சுற்றி.

ஐந்து மணிக்கு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாசல் சங்கிலியைப் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு மனுஷக் குரல் முடிந்துபோகும். மறுநாள் காலை ஏழு வரைக்கும் நானும் பதினாலு நாயும். தவுக்கே வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார்.

ஒருநாள் எனக்கு ஈக்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தட்டுத் தட்டாகச் சீனித் தண்ணீரில் விஷம் கலந்து வேலியோரம் வைத்தேன். சாயங்காலம் கூட்டினால் அரை முறம் ஈ. போரில் ஜெயித்தவன் மாதிரி முறத்தைக் கொண்டுபோய்ப் பாக் மாட்டிடம் நீட்டினேன். அவர் முறத்தை எட்டிப் பார்த்தார். ஈக்கும்தானே வயிறு இருக்கிறது என்கிற அர்த்தத்தில், மலாயில், மெதுவாகச் சொன்னார்: "லாலாட் பூன் நாக் மாக்கான், மணியம்."

சார்ஜன் வீட்டு நாய்

ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் இருந்தார், சீக்கியர். தோட்டங்களில் காவலுக்கு இருந்து பழகியதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். குரலைக் கேட்டாலே நம் கை தானாகப் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அவர் தம்முடைய அல்சேஷனைப் பத்து நாளைக்கு எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த நாய், மருந்து போட்ட மறு நிமிஷம் தலையைத் தரையில் தேய்த்து மருந்தைத் துடைத்துவிடும். நான் யோசித்து, என் பழைய வேட்டியைக் கிழித்து, காதுக்கு இரண்டு பை வைத்து ஒரு குல்லா தைத்தேன். அது நிற்கவில்லை. பிறகு நீளத் துணியாகவே எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

சார்ஜன் இரண்டு நாள் முன்னதாகவே வந்து நின்றார். கூண்டுக்குள் அவருடைய நாய் வெள்ளைத் தலைப்பாகையோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கிண்டல் செய்ததாக நினைத்துவிட்டால் என் வேலை போகும், ஒருவேளை பல்லும் போகும். அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். நாயைச் சுற்றி வந்தார். இடது பக்கத்து மடிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "கட்டு சரியில்ல மணியம், கழட்டு, நான் கட்டிக் காட்டுறேன்" என்றார்.

பெண் பார்த்த கதை

எனக்கு முப்பத்தாறு வயதானபோது தங்கை கிள்ளானிலிருந்து கிளம்பி வந்தாள். சுங்கை சிப்புட்டில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி, அவளே தரகரைப் பிடித்து எல்லாம் பேசி முடித்திருந்தாள். மூன்று நாள் முன்பிருந்தே நான் சீயக்காயும் எலுமிச்சையும் போட்டுக் குளித்தேன். காதுகளைப் பாக் மாட் தொட முடியாது என்பதால் தடவுவதை மட்டும் விட முடியவில்லை. புறப்படும்போது தங்கை ஒரு புட்டி சென்ட்டை என் மேல் கவிழ்த்தாள்.

அந்த வீட்டில் கேசரியும் வடையும் வைத்தார்கள். மாம்பழக் காலம், வீடு முழுக்க ஈ. பெண்ணின் அப்பா கேசரித் தட்டுக்கு மேல் கையை வீசிக்கொண்டே இருந்தார். தரகரின் வழுக்கையில் இரண்டு, தங்கையின் புடவையில் மூன்று. நான் மட்டும் நிம்மதியாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை அவர் கவனித்துவிட்டார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் முன்னால் சாய்ந்து மோந்து பார்த்தார். சென்ட்டுக்கு அடியில் இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன வேலை என்று அப்போதுதான் விவரமாகக் கேட்டார். நானும் விவரமாகச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை அழுதுகொண்டே வந்தாள். நான் சிரித்துப் பேசி அவளைத் தேற்றினேன். அவளைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அறைக்கு வந்த பிறகு எனக்கும் அழுகை வந்தது. அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. வாசல் வரை வந்து, என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில்தான் சொன்னார்: "தப்பா நெனக்காதீங்க தம்பி, ஒரு ஈ கூடப் பக்கத்துல வராத ஆளுக்கு எம் பொண்ண எப்படிக் குடுக்கிறது?"

டைகர் வந்த நாள்

டைகரைக் கொண்டுவந்து விட்டவர் ஒரு தோட்டத்துக் கிராணி. அவருடைய தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். ஆபீஸில் பேரேடு எழுதிய மனுஷர், கோலாலம்பூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். அங்கே நாய் வைத்துக்கொள்ள விட மாட்டார்களாம். தரை வீடு ஒன்று பார்த்துக்கொண்டு வந்து கூட்டிப் போகிறேன் என்றார்.

நாய் என்னவோ சாதாரண லயத்து நாய்தான். பழுப்பு நிறம், இடது காது நிமிர்ந்து நிற்கும், வலது காது மடிந்து தொங்கும். நிமிர்ந்த காதின் நுனியில் ஏற்கெனவே ஈ கடித்து ரத்தம் கட்டியிருந்தது. கிராணி சங்கிலியை என் கையில் கொடுத்தார். டாக்சியில் ஏறப் போனவர் திரும்பி வந்து மண்ணிலேயே குந்தினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாயிடம்தான் சொன்னார்: "ரெண்டே வாரம்லா டைகர், அப்பா வந்துருவேன்."

விடுதிச் சட்டம்

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கிராணி கொடுத்த விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. கேட்க ஆளில்லாத நாயை ஆறு மாதம் வைத்திருப்பது விடுதிச் சட்டம். அதற்குள் யாராவது விரும்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்காவிட்டால் மிருக டாக்டர் வந்து ஊசி போட்டுவிடுவார். தவுக்கே கல் நெஞ்சுக்காரர் இல்லை. "காதை ஆற வை. புண்ணுக் காது நாயை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று மலாயில் சொன்னார். ஆக, டைகரின் உயிர் அந்த இடது காதின் நுனியில் இருந்தது. அந்த நுனி என் விரலில் இருந்தது.

மற்ற நாய்களுக்கு மூன்று வேளை என்றால் அவனுக்கு ஐந்து வேளை. ஐந்து மணிக்குப் பிறகு அவனை அவிழ்த்துவிடுவேன். நேராக வந்து என் அறை வாசலில் படுத்துக்கொள்வான். நான் சோறு வடிப்பேன், ரேடியோ போடுவேன், அவனிடம் பேசுவேன். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இன்றைக்குக் கத்தரிக்காய் முற்றல், மழை வரும் போலிருக்கிறது, தங்கை கடிதம் போடவில்லை, இவ்வளவுதான். பல வருஷமாக இதைச் சொல்லக்கூட எனக்கு யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. நான் பேசும்போது அவன் நிமிர்ந்த காதை மட்டும் என் பக்கம் திருப்புவான்.

நானே வைத்துக்கொள்கிறேன் என்று தவுக்கேயிடம் கேட்டேன். வேலைக்காரர்கள் சொந்த நாய் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவருக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். எல்லோரும் என்றால் யார்? நான் ஒருவன்தான்; பாக் மாட் நாய் கேட்கப் போவதில்லை. அதையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று தமக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னார்: "ஒனக்குப் பதினாலு நாய் இருக்கு மணியம், இன்னும் பத்தலியா?"

லூமுட்காரர்

நாலாவது மாதம் லூமுட்டிலிருந்து கருவாடு காயப்போடும் ஒருவர் வந்தார். காவலுக்கு நாய் வேண்டும். டைகரைக் காட்டினேன். ஓட விட்டுப் பார்த்தார், குரைக்க விட்டுப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில் காதைப் பார்த்தார். பொருக்கு இன்னும் முழுதாக உதிரவில்லை. ஓர் ஈ வேறு அந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தது. கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்: "எங்ககிட்ட ஈக்குப் பஞ்சமே இல்ல அண்ணே, இங்கேருந்து வேற ஏத்திக்கிட்டுப் போவணுமா?"

ஸ்டெல்லா சிஸ்டர்

ஆறாவது மாதத்தின் நடுவில் காது ஆறிவிட்டது. பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத் தோல், அதில் பூனை முடி மாதிரி மெல்லிய முடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக் மாட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தள்ளி நின்றே தலையாட்டி ரசித்தார்.

அந்த வாரமே ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், பத்து காஜா என்ற ஊரில் தனியாக இருந்தார். குடை, கண்ணாடி, முழங்கை வரை ஏற்றி மடித்த சட்டை. குட்டி நாய் வேண்டாம், என் வயசுக்கு ஓடி ஆட முடியாது, நிதானமான நாயாகக் கொடுங்கள் என்றார். கூண்டு கூண்டாக நடந்து வந்து டைகர் முன்னால் நின்றார். வாயைத் திறந்து ஈறு பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், காதைப் புரட்டிப் பார்த்தார். டைகர் அசையாமல் காட்டினான். "யாரு வைத்தியம்?" என்று கேட்டார். "நான்தான் சிஸ்டர்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் விரலைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் இருந்தார். வேப்பெண்ணெய், சூடம் என்று சரியாகச் சொன்னார்.

டைகர் பிழைத்தான் என்பது அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் வாசலில் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேரா வாரேன் தம்பி, அது வரைக்கும் அந்தக் காத பத்திரமா பாத்துக்குங்க."

மூன்று நாள்

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். என் கட்சிக்காரர்களுக்குத்தானே எழுதுகிறேன், எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மற்ற எல்லா நாய்க்கும் மருந்து போட்டேன், டைகருக்குப் போடவில்லை. செவ்வாய்க்கிழமையும் போடவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் கூண்டுக்குள் போய், அவனோடு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். சிஸ்டர் வரும்போது நுனியில் கொஞ்சம் ரத்தம் இருந்தால் போதும், வேண்டாம் என்று போய்விடுவார், நான் தவுக்கேயிடம் இன்னும் ஒரு மாதம் கெஞ்சி வாங்கிக்கொள்ளலாம். என் யோசனை இதுதான். ஊசி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

அந்த வாரம் கோழிப் பண்ணையில் எருவை வாரப் போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. புதன்கிழமை காலையில் இருந்து ஈ அடை அடையாக வந்தது. மதியம் டைகர் தலையைச் சாய்த்துக்கொண்டு கம்பியில் முட்டிக்கொண்டிருந்தான். காதைத் திருப்பினேன். புதுத் தோல் முழுக்கக் கிழிந்து, உள்ளே வெள்ளையாக நெளிந்தது. புழுவைக் கொல்லும் டர்பன்டைனைத் தேடி ஓடினேன். பாக் மாட் தம்முடைய கம்பை எடுத்துக்கொண்டு வந்து முக்காலியைப் போட்டார். விசிற ஆரம்பித்தார். காது முழுக்க நான் துடைத்து முடித்த பிறகு, என்னைப் பார்க்காமலேயே மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "மூணு நாளா டைகர் கூண்டுலேருந்து மருந்து வாடை வரலியே மணியம்."

பூசை முடிந்து

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் டைகரின் தலை என் மடியில்தான். இடுக்கியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் கடிக்கவில்லை. ஒரு தடவையாவது கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காதில் பாதிதான் மிஞ்சியது. சனிக்கிழமை தவுக்கே வந்து பார்த்தார். இந்தக் காதோடு இவனை யார் எடுப்பார்கள், ஆறு மாதமும் முடிந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை டாக்டரை வரச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் கெஞ்ச வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேனே, அதைக்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி சிஸ்டர் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் புதுச் சங்கிலி. காதில் நான் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஊசி போட டாக்டர் வருகிறார் என்று சொல்லிவிட்டு, எருவால் ஈ அதிகமாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். "ஈ கடிச்சது மூணு நாளு. மருந்து போடாதது எத்தன நாளு?" என்று கேட்டார். அதுவும் மூன்று நாள்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் என் அறையைக் காட்டினேன். வாசலில் டைகர் படுக்கும் சாக்கு அப்படியே கிடந்தது. "அவன் போயிட்டா அங்க நான் மட்டும்தான் சிஸ்டர்" என்றேன். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. நாய் சாகக் கிடக்கிறது, நான் என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் புதுச் சங்கிலியை டைகர் கழுத்தில் மாட்டினார். அரைக் காதுக்குத் தாமே மறுபடி கட்டுப் போட்டார். என்னைவிட நேர்த்தியாகப் போட்டார். செவ்வாய்க்கிழமை டாக்டர் வர வேண்டியதில்லை என்று தவுக்கேயிடம் சொல்லிவிடச் சொன்னார். டைகரை டாக்சியில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிட்டார்: "தொணைக்கு ஆளு வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும் தம்பி, அதுக்கு வாயில்லாத ஜீவனோட காதையா பிடுங்குவாங்க?"

பத்து காஜா

இரண்டு மாதம் எனக்குப் போகத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போ பஸ் நிலையம் வரை போவேன், பத்து காஜா பஸ்ஸைப் பார்ப்பேன், அது கிளம்பியதும் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை பாக் மாட், செராய்க் கட்டோடு இன்னொரு சின்னக் கட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிஸ்டர் வீட்டுக்கு என்றார். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

பழைய கம்பத்து வீடு, அதாவது கிராமத்துப் பலகை வீடு, வாசலில் செம்பருத்தி. நான் வெறுங்கையாகத்தான் போனேன். செராய்க் கட்டு மட்டும். மருந்து டப்பாவைக் கொண்டுபோக எனக்கு என்ன யோக்கியதை? சிஸ்டர் கேட்டைத் திறந்தார். டைகர் உள்ளேயிருந்து வந்தான். என்னைக் கண்டால் ஓடி ஒளிவான், அல்லது குரைப்பான், அல்லது தெரியாதவனைப் போலப் படுத்துக்கொள்வான் என்றெல்லாம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் துள்ளவும் இல்லை, குரைக்கவும் இல்லை. நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தான். தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டினான். மருந்து போடும் நேரத்தில் எப்படி உட்காருவானோ அப்படி. காது சுத்தமாக ஆறியிருந்தது. பாதிக் காதுதான், ஆனால் ஒரு புண் இல்லை, ஒரு ஈ இல்லை. போட மருந்தும் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். எனக்குப் பின்னால் கேட்டைச் சாத்திவிட்டு வந்த சிஸ்டர் சொன்னார்: "மருந்து இல்லாட்டி என்ன தம்பி, சும்மாவாவது கைய வைங்க, அவன் காத்துக்கிட்டு இருக்கான்ல."

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ காதுகளைக் காப்பாற்றி அனுப்பினேன், ஒன்றும் திரும்பி வந்து என்னைக் கேட்டதில்லை. நான் கெடுத்தது ஒரே ஒரு காது, அதை மட்டும் அதன் சொந்தக்காரன் மறுபடியும் என்னிடமே நீட்டினான்.